மேற்படி ஆடை

செப்டம்பர் 8, திங்கள்

பணி ஓய்வு பெற்று இன்றோடு நூறு நாள். முப்பத்து நான்கு வருடம் ரேஷன் கார்டு பிரிவில் உட்கார்ந்து எழுதியவன் நாட்குறிப்பு எழுதினால் அதில் தேதியும் விவரமும் ஒழுங்காக இருக்க வேண்டும். இருக்கும்.

பொருள்: எங்கள் வீட்டு முன்னறை.

என் மனைவி சம்பூர்ணம் ஆறு வருடமாக அந்த அறையில் ஒரு வகைப் பெண்கள் ஆடை விற்று வருகிறாள். ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் கட்டாக எடுத்து வருவாள். வலது பக்கம் செல்போன் கொள்கிற அளவில் ஒரு பாக்கெட் வைத்துத் தைப்பாள். பிறகு விற்பாள். எங்கள் ஊரான கோபியில் பாதிப் பெண்கள் அவளைப் ‘பாக்கெட்டக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆடை என்றால், பெண்கள் வீட்டில் இருக்கும்போது போட்டுக்கொள்வது, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாக இறங்குவது. அதன் பெயரை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. மேற்படி ஆடை என்றால் போதும்.

நான் வேலையில் இருந்தவரை எனக்கு இதனால் எந்த இடைஞ்சலும் இல்லை. வியாபார நேரம் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து. அப்போது நான் ஆபீஸில் இருப்பேன். இப்போது நான் வீட்டில் இருக்கிறேன், பெண்கள் வருகிறார்கள், நான் இருந்தால் அவர்கள் வாய் திறப்பதில்லை. “ஏனுங்க, மணி மூணாச்சுங்க” என்பாள் சம்பூர்ணம். அவ்வளவுதான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய், எந்த பஸ்ஸிலும் ஏறாமல் ஐந்து மணிக்குத் திரும்பி வருவேன்.

இன்று அங்கே குழந்தைசாமியைப் பார்த்தேன். என்னோடு வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு ஏதோ ஒரு தேங்காய் மண்டியில் பங்குதாரர். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருக்கிறார். எதற்கு இரண்டு?

“நாச்சிமுத்து, இப்ப என்னங்க பண்றீங்க?”

“சும்மாதாங்க.”

“உங்கூட்டு மாடிக் கொடியில கலர் கலராத் தொங்குதே, ஒறம்பரை வந்திருக்காங்களா?”

“ஆமாங்க, ஒறம்பரைங்க, சொந்தக்காரங்க.”

“பதினெட்டு பேரா?” என்றார். எண்ணியிருக்கிறார் மனுசன்.

செப்டம்பர் 10, புதன்

மகள் தாரணி பெங்களூரிலிருந்து பேசினாள். அக்டோபர் நாலு, ஐந்தில் ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் மகளிர் தொழில்முனைவோர் கண்காட்சியாம். தீபாவளிக்கு முன்னால் என்பதால் நல்ல கூட்டம் வருமாம். அம்மாவுக்கு ஒரு ஸ்டால் போட்டுவிட வேண்டும், அதற்கு சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் வேண்டும், விண்ணப்பிக்கக் கடைசி நாள் 26.

சம்பூர்ணம் தோசைக்கல்லில் தோசை இருப்பதை மறந்துவிட்டாள். முப்பது வருடத்தில் அவள் தோசையைக் கருகவிட்டு நான் பார்த்ததில்லை.

“பதிவெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “நெசமாலுமா?” என்றார்கள். படிவம் என்று வந்தால் இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? மாலையில் கேட்காமலே வாழைக்காய் பஜ்ஜி வந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

கோப்பு திறந்தாயிற்று. பழுப்பு அட்டை, சிவப்பு நாடா. மேலே ‘சுயதொழில் பதிவு – தொடர்பாக’ என்று எழுதினேன். எழுத்து முன்போலவே இருக்கிறது.

சம்பூர்ணத்திடம், என்ன வேண்டும் என்பதை எழுத்து மூலமாகக் கொடுக்கச் சொன்னேன்.

“என்னத்தைங்க எழுதறது?”

“கோரிக்கையை. ஆபீஸ்ல ஆரு வந்தாலும் நான் சொல்ற முத வார்த்தை, எழுதிக் குடுங்கங்கறதுதான்.”

“அப்ப மத்தியானம் சோறு வேணும்னா நீங்களும் எழுதிக் குடுத்துருங்க” என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினுக்குப் போய்விட்டாள். கோரிக்கை வாய்மொழியாகப் பெறப்பட்டதாகக் குறித்துக்கொண்டேன்.

அவளுக்கு பான் கார்டு இல்லை. எனக்கு இருக்கிறது. இதையும் குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 13, சனி

பதிவு முடிந்தது. தாரணி விட்டுப்போன பழைய லேப்டாப்பில், ஒற்றை விரலால், மூன்று மணி நேரம். அவள் பத்து நிமிடம் என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு படிவத்தை முழுதாகப் படிப்பதே இல்லை.

தொழில்முனைவோர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் விழுந்திருக்கிறது. முப்பத்து நான்கு வருடப் பழக்கம். எங்கள் பிரிவில் எந்தப் படிவமானாலும் முதல் கட்டத்தில் குடும்பத் தலைவர் பெயர்தான். கை தானாகப் போயிற்று. பான் கார்டும் என்னிடம்தானே இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் ‘நாச்சி டெக்ஸ்’. இது ஓர் இடைக்கால ஏற்பாடு. சான்றிதழ் உடனே வந்துவிட்டது.

“பதிவு முடிஞ்சுது” என்றேன். அவள் விவரம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தையல் மிஷினைத் துடைத்து, சந்தனம் வைத்துப் பொட்டிட்டு, ஒரு முழம் மல்லிகையை அதன் கழுத்தில் சுற்றினாள். எனக்கும் திருநீறு பூசிவிட்டாள்.

செப்டம்பர் 15, திங்கள்

பிரஸ் வரைக்கும் போய் வந்தேன். வேறு வேலையாக.

செப்டம்பர் 16, செவ்வாய்

குழந்தைசாமியைப் பார்த்தேன். அவர் கேட்கும் முன்பே விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினேன். நூறு கார்டு அடித்திருக்கிறேன், அதற்குக் குறைந்து அடிக்க மாட்டார்களாம்.

“பரவால்லீங்களே, மொதலாளி ஆயிட்டீங்க! என்ன ஜவுளிங்க?”

“பொதுவா ஜவுளிங்க.”

“வேட்டியா, துண்டா?”

“எல்லாம் கலந்து வருமுங்க” என்றேன். இரண்டு டீ குடித்தோம். நானே வாங்கிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் இன்று நல்ல காற்று.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் துணி ஊறவைக்கும்போது சட்டைப் பையைத் துழாவுவது அவள் வழக்கம். எனக்கு அது தெரியும். தெரிந்தும் மறந்துவிட்டேன்.

ஈரக் கையோடு வந்து நின்றாள். விரலில் கார்டு ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

“நாச்சி டெக்ஸ். நா. நாச்சிமுத்து. உரிமையாளர்.” பிறகு என்னைப் பார்த்தாள். “ஆருங்க இது?”

இடைக்கால ஏற்பாட்டை விளக்கினேன். பான் கார்டு, குடும்பத் தலைவர், கைப்பழக்கம், எல்லாம் வரிசையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் முழுதாகக் கேட்டாள். அப்படி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை.

“செரிங்க மொதலாளி” என்றாள். போய்ச் சட்டையை அலசிக் காயப்போட்டாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலை: “மொதலாளிங்களுக்குக் காப்பி வெச்சிருக்குதுங்க.” மதியம்: “மொதலாளி ரசம் ஊத்திக்கறீங்களா, மோரா?” இவ்வளவு மரியாதையை நான் சர்வீஸில்கூடப் பார்த்ததில்லை.

மூன்று மணி ஆயிற்று. அவள் ‘மணி மூணாச்சு’ சொல்லவில்லை. நானே செருப்பைத் தேடினேன். காணோம். வாசலில் பெண்கள் வந்துவிட்டார்கள்.

“வாங்க வாங்க. ஓனரு உள்ளதான் இருக்காருங்க, அவரையே கேளுங்க” என்று சொல்லிவிட்டு, சம்பூர்ணம் டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

நான் முன்னறைக்குப் போனேன். பின்தெரு மரகதம் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “அண்ணா, முன்னாடி ஜிப் வெச்சது இருக்குதுங்களா?” என்றாள்.

“முன்னாடி எதுக்குங்க ஜிப்?” என்று கேட்டேன். விவரம் தெரியாமல் சரக்கை எப்படி எடுத்துக் கொடுப்பது?

மரகதத்தோடு வந்த பெண் சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள். உள்ளே டிவி சத்தம் கூடியது. மரகதத்தின் மகளுக்குப் பிரசவமாகிப் பதினைந்து நாள் என்று என் மண்டையில் ஏற ஒரு முழு நிமிடம் ஆயிற்று. ஐயோ! பூமி பிளக்கவில்லை, நான் அங்கேயேதான் நின்றேன்.

பிறகு ஒரு டீச்சரம்மா வந்தார். அறுபதை ஒட்டிய வயது. “எனக்கு எப்பவும் குடுக்கறதைக் குடுத்துருங்க” என்றார். எக்ஸ்எல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நல்ல நீலம். அவர் அதைப் பிரித்து, தோள் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மடித்து வைத்தார். “பொறவு வர்றேனுங்க” என்று போய்விட்டார்.

அவர் கேட்டைத் தாண்டியதும், சம்பூர்ணம் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். “அவங்களுக்கு மார்புல ஆபரேசன் ஆயி ஒரு வருசமாகுது. வலது கை மேல தூக்க முடியாது. தோள்ல பட்டன் வெச்சுத் தெச்சுக் குடுப்பேன். நீங்க எழுதுன படிவத்துல இதுக்கெல்லாம் எடம் இருந்துச்சுங்களா?”

மூன்று மணி நேரம் அந்தப் படிவத்தைப் படித்தவன் நான். இல்லை.

செப்டம்பர் 20, சனி

மிஷினுக்கு உறை போட்டுவிட்டாள். தாரணி பேசினாள்: “அப்பா, மகளிர் கண்காட்சிங்கறதால உரிமையாளர் பேர் பொம்பளை பேரா இருந்தாத்தான் ஸ்டால் தருவாங்களாம். சான்றிதழ்ல அம்மா பேருதானே?”

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் நானே காப்பி போட்டேன். அவள் குடித்தாள். நான்தான் வாயைக் கொடுத்தேன்.

“பேர்ல என்ன புள்ள இருக்குது? நீயும் நானும் ஒண்ணுதானே?”

டம்ளரைக் கீழே வைத்தாள். இன்று ‘மொதலாளி’ இல்லை.

“ஒண்ணுதானுங்க. அதனாலதான் எல்லாத்துலயும் உங்க பேரே இருக்குது. ரேசன் கார்டு உங்க பேரு. கேஸு கனெக்சன் உங்க பேரு. கரண்டு, வீடு, வண்டி, எல்லாம் உங்க பேரு. பத்து வருசமா நான் ஒருத்தி சமைக்கற குக்கருக்குக் கேரண்டி கார்டு உங்க பேரு. நான் ஒரு நாளாச்சு கேட்டிருக்கேனா? ஆனா இது நான் தெச்சதுங்க. கட்டைத் தூக்கிட்டு ஈரோட்டுல இருந்து பஸ்ல நின்னுட்டு வந்தது நானு. ஒறம்பரைன்னு குழந்தைசாமியண்ணங்கிட்டச் சொன்னீங்களாமா. அவரு சம்சாரம் எங்கிட்டத்தான் துணி எடுக்குது. அதுவே சொல்லுச்சு. வெக்கமா இருந்தா இருக்கட்டும். வெக்கப்படறதுக்கு நீங்க, பேரு போட்டுக்கறதுக்கும் நீங்களேவா?”

அழுதாள். அவள் அம்மா இறந்தபோது அழுததற்குப் பிறகு நான் பார்க்க இன்றுதான் அழுதாள். நான் டம்ளர் இரண்டையும் எடுத்துப் போய்க் கழுவினேன்.

செப்டம்பர் 22, திங்கள்

13-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம்.

‘கை தானாகப் போயிற்று’ என்று எழுதியிருக்கிறேன். அது பொய். அந்தக் கட்டத்தில் முதலில் அவள் பெயரின் முதல் எழுத்தைத்தான் அடித்தேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அழித்துவிட்டு என் பெயரை அடித்தேன். நூறு நாளாக என்னை யாரும் எதிலும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அவளுடைய ஆறு வருட உழைப்பை எடுத்து என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இதற்குத் திருட்டு என்று பெயர். ரேஷன் கார்டு பிரிவில் இதையே யாராவது செய்திருந்தால் அவர்மேல் புகார் எழுதிக் கிழித்திருப்பேன்.

இதை அவளிடம் வாயால் சொல்ல வரவில்லை. இந்தப் பக்கத்தையே திறந்து நீட்டினேன். முன்பக்கங்களையும் புரட்டிப் படித்துவிட்டாள். ‘மேற்படி ஆடை’ என்ற இடத்தில் விரலை வைத்து, “இதென்னுங்க, செத்தவங்களுக்குப் போத்தற துணி மாதிரி?” என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பழைய பதிவை ரத்து செய்தேன். கடைசி நாளுக்கு இன்னும் நாலு நாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

புதிதாகப் பதிய அவளுடைய ஆதாருக்கு ஓடிபி வர வேண்டும். ஆதாரில் அவள் பெயரோடு இருப்பது என்னுடைய பழைய செல் நம்பர். அந்த நம்பரை நாலு வருடம் முன்பே விட்டுவிட்டேன். அவளிடம் சொல்லவே இல்லை. இப்படி இன்னும் எத்தனை வைத்திருக்கிறேனோ.

ஆதார் மையத்தில் காலை எட்டுக்கே போய் வரிசையில் நின்றோம். கவுண்டர் பெண்மணியிடம் நான் விளக்க ஆரம்பித்தேன்.

“நீங்க ஆருங்க?”

“வீட்டுக்காரருங்க.”

“விண்ணப்பதாரர் மட்டும் பேசட்டும். நீங்க அப்படி ஓரமா நில்லுங்க.”

நின்றேன். சம்பூர்ணம் கைரேகை வைத்து, தன் நம்பரைச் சொன்னாள். நம்பர் மாறுவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மிஷின் உறையைக் கழற்றினாள். ஸ்டால் கிடைக்கிறதோ இல்லையோ, டீச்சரம்மாவுக்குத் தோள் பட்டன் வைக்க வேண்டுமாம். பட்டன் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 24, புதன்

மாறவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

மாறவில்லை. சம்பூர்ணம் “போகுது உடுங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்கிறாள். சொல்லிக்கொண்டே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை செல்லை எடுத்துப் பார்க்கிறாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலை பத்தரைக்கு மாறியது. பான் கார்டு ஆன்லைனிலேயே பதினைந்து நிமிடத்தில் வந்தது. பன்னிரண்டு மணிக்கு லேப்டாப் முன்னால் அவள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு நாற்காலி போடவில்லை.

ஓடிபி அவள் செல்லில் வந்தது. “எத்தனை?” என்று எட்டிப் பார்த்தேன். “ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க” என்று செல்லைத் திருப்பிக்கொண்டாள்.

தொழில்முனைவோர் பெயர்: சம்பூர்ணம். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். நான் உதவி செய்யவில்லை. நிறுவனத்தின் பெயர்: ‘பாக்கெட்டக்கா நைட்டீஸ்’.

கடைசியில், வேலை செய்பவர்கள் எண்ணிக்கை கேட்டது. பெண் என்ற இடத்தில் ஒன்று போட்டாள். ஆண் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஒண்ணு போடட்டுங்களா?”

“போடு.”

“வேலை செய்யோணும். சும்மா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டு வரக் கூடாது.”

“போடு புள்ள” என்றேன். ஒன்று போட்டாள்.

மாலை நாலுக்கு ஸ்டால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. சான்றிதழைப் பிரிண்ட் எடுத்து வந்து பழுப்புக் கோப்பில் வைக்கப் போனேன். வாங்கிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அக்டோபர் 4, சனி

ஈரோடு. ஸ்டால் எண் 27. நானூறு நைட்டி. (மேற்படி ஆடை என்று எழுதினால் இப்போது சம்பூர்ணம் சிரிக்கிறாள். நைட்டி. எழுதிவிட்டேன். கையொன்றும் விழுந்துவிடவில்லை.)

காலையில் மூட்டையைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். என் விசிட்டிங் கார்டுகள் ஒன்றையும் அவள் வீணாக்கவில்லை. ஓட்டை போட்டு, நூல் கோத்து, முன்வரிசையில் தொங்கும் நைட்டிகளுக்கு அளவுச் சீட்டாகக் கட்டியிருக்கிறாள். ஒரு பக்கம் பேனாவால் எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல். காற்றில் திரும்பினால் மறுபக்கம் நா. நாச்சிமுத்து, உரிமையாளர். மண்டபத்தில் மின்விசிறி ஏராளம். நாள் முழுக்கத் திரும்பிக்கொண்டேதான் இருந்தது.

பதினோரு மணிக்குக் குழந்தைசாமி சம்சாரத்தோடு வந்தார். ஒரு பூப்போட்ட நைட்டியைப் பிடித்து, சீட்டைத் திருப்பிப் படித்து, என்னைப் பார்த்தார். இரண்டு பேனாவும் பையில் இருந்தன.

“நாச்சிமுத்து, இதாங்களா உங்க ஜவுளி?”

என் பின்னால் தையல் கத்தரிச் சத்தம் நின்றது.

“என்னுதில்லீங்க” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து ஸ்டாலில் ஊறுகாய் விற்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார். “ஓனரு அங்க உக்காந்திருக்காங்க. நான் அவங்ககிட்ட வேலைக்கு இருக்கறேன். அன்னிக்கு ஒறம்பரைன்னு சொன்னது பொய்யிங்க. அக்காவுக்கு என்ன சைஸுங்க? சுத்தக் காட்டன், சாயம் போகாது. பாக்கெட் பாருங்க, செல்லு உள்ள போயிரும்.”

குழந்தைசாமி அசடு வழிந்தார். அவர் சம்சாரம் மூன்று எடுத்தார். திரும்பிப் பார்த்தேன். சம்பூர்ணம் குனிந்து நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். முகம் மட்டும் சிவந்திருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

இரண்டு நாள் நின்றதில் முழங்கால் வீங்கிவிட்டது. கொண்டுபோனதில் பதினொன்றுதான் மிச்சம். தீபாவளிக்கு இன்னும் கேட்டிருக்கிறார்கள், நாளைக்கு விடியலில் சந்தைக்குப் போய்க் கட்டு எடுத்துவர வேண்டுமாம்.

நாளை ஒரு நாள் லீவு வேண்டும் என்று கேட்டேன்.

மிஷினை நிறுத்தாமலே, “எழுதிக் குடுங்க” என்றாள்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து அதில்தான் எழுதலாம் என்று இருக்கிறேன். பெறுநர்: திருமதி சம்பூர்ணம், உரிமையாளர். கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை.